பதினான்காம் எண் அறை

சந்தை நாளில் மாட்டு வியாபாரிக்குப் பாதி வாடகை,
சினிமாக்காரர் என்றால் முன்பணம்.
எங்கள் லாட்ஜில் இருந்த சட்டம் அவ்வளவுதானுங்க.
நெம்மாற ராவுண்ணியை எதில் சேர்ப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.
கொல்லங்கோட்டு பஸ்ஸில் வந்து இறங்கித்
தகரப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.
பேர் எழுதினார், ஊர் எழுதினார்.
தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும்
மை இருந்த பேனாவை மூன்று தரம் உதறிவிட்டு
நாடகம் என்று எழுதினார்.

அங்கே அவர் ராஜாவாம், கூட வந்த பையன் சொன்னான்.
ஒரு பருவத்துக்குத் தொண்ணூறு இரவு, தொண்ணூறு ஊர்,
கடைசி வரிசைக் கடலைக்காரிக்கும் கேட்கிற குரல்.
ராஜாவுக்கு இருந்தது ஒரே அங்கி.
பின்கட்டுக் கொடியில் காயப்போட்டதில்
அதன் ஜரிகைத் தூள்
கொப்பரை வியாபாரி வேட்டியில் அப்பி
காலையில் பெரிய ரகளை.

மலையாளப் படத்துக்குக் கிராமம் வேண்டுமென்றால்
அப்போதெல்லாம் பொள்ளாச்சிக்குத்தான் வருவார்கள்.
"என் ஊர விட்டு பஸ் ஏறி வந்து
என் ஊர்க்காரனா நடிக்குறேன்" என்பார்,
அவருடைய சித்தூர்த் தமிழில்.

தபால்காரர். ஏட்டு. பெண்ணின் மாமா.
"இனி ஆண்டவன் கையில" என்று கைவிரிக்கும் டாக்டர்.
ஆழியாற்றுக் கரையில் ஒரு மார்கழியில்
ஆறு மணி நேரம் பிணம்.
மூச்சு தெரிகிறது என்று ஏழு முறை எடுத்தார்களாம்.
இரவில் சுக்குக் காப்பி கேட்டு வந்தபோதும்
பல் தந்தியடித்தது.

ஒருமுறை அவருக்கு ஒரே ஒரு வசனம்.
'அவன் வந்நில்ல.'
அவன் வரவில்லை, அவ்வளவுதான்.
சுவருக்கு இந்தப்பக்கம் வாடகைக் கணக்கு கூட்டிக்கொண்டிருந்தேன்.
மகனை இழந்தவன்போல் சொன்னார்.
கடன்காரனிடம் சொல்வதுபோல் சொன்னார்.
சிரித்துக்கொண்டே சொன்னார்,
அது என்னமோ வயிற்றைப் பிசைந்தது.
இருபத்தேழு வரை எண்ணினேன்.
கணக்கு தப்பிப்போய் மறுநாள் முதலாளி திட்டினார்.

படம் வந்ததும் பாலக்காடு போய்ப் பார்த்தேன்.
பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் பதினொரு ரூபாய்.
கதாநாயகி அழுகிறாள்,
ஜன்னலோரம் ஒரு முதுகு நிற்கிறது,
காட்சி மாறிவிடுகிறது.
அந்த முதுகு எனக்குத் தெரியும்.
இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த முதுகு.

அடுத்த தடவை வந்தவர் சாவியைக் கையில் வாங்காமல்
"கண்டோ?" என்றார்.
"பார்த்தனுங்க. அந்த ஒரு வார்த்தையில
கொட்டகையே அமைதியாயிருச்சுங்க" என்றேன்.
கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினார்.
அதற்குள் அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாரே
என்று எனக்குத் தோன்றவே
ஒரு வாரம் ஆயிற்று.
அன்றைக்கு யார் நன்றாக நடித்தோம் என்று
இன்னும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு விருது, நாடகத்துக்கு.
சால்வையைக் கொண்டுவந்து காட்டினார்.
ராத்திரி குளிருக்கு அதைத்தான் போர்த்திக்கொண்டார்.
தொழில் கட்டத்தில் அப்போதும் நாடகம்தான்.
முப்பது வருடத்தில் ஒருநாளும்
சினிமா என்று எழுதவில்லை.

ஆதார் நகல் வாங்கச் சட்டம் வந்தபோதுதான் தெரிந்தது,
ராவுண்ணி என்பது முதல் நாடகத்தில்
அவர் போட்ட வேலைக்காரனின் பேர்.
அட்டையில் இருந்த பேரை
நானும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை.

போன தை மாதம் படக் கம்பெனி மேனேஜர்
விடிகாலை காரோடு வந்து நின்றார்.
"சேட்டன் ரெடியா? எட்டு மணிக்கு முதல் ஷாட்."
சேதியைக் கொல்லங்கோட்டு பஸ் கண்டக்டர்
கொஞ்சம் முன்னால்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
எனக்கு மலையாளம் பேச வராது.
இருந்தும் வாயில் வந்தது அதுதான்:
"அவன் வந்நில்ல."
இருபத்தேழில் அது எத்தனையாவதோ.
மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்,
வேறு யாருக்கோ போன் போட்டார்.

பதினாலில் இப்போது தேங்காய் நார் ஏஜெண்ட் தங்குகிறார்.
கண்ணாடி ஓரத்தில் பழைய பசைக்கறை,
மீசையைக் கழற்றி ஒட்டிவைத்த இடம்.
துடைக்கச் சொன்னார்.
துடைத்தனுங்க,
முக்கால்வாசி.