உத்தேச மதிப்பீடு

கிடைக்காமல் போன ஒரு டெண்டர் தாளின் முதுகில்
இதை எழுதுகிறேன்.
ரூவியில் காகிதத்துக்கும் இப்போது கணக்கு.

இனம் ஒன்று: வண்டி.
கரோலாவிலேயே போகலாம் என்கிறான் சபியுல்லா.
போகலாம். பிர்கத் அல் மவுஸ் வரைக்கும் போகலாம்,
வாழைத்தோப்பைப் பார்க்கலாம், திரும்பி வரலாம்.
அதற்கு மேல் செக்போஸ்ட்.
அங்கே போலீஸ்காரர் முகத்தைப் பார்க்குமுன்
சக்கரத்தைப் பார்ப்பார்.
நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குத்தான்
ஜபல் அக்தர் வழிவிடும்.
வாடகை இருபத்தெட்டு ரியால்.
இருபத்தைந்துக்குப் பேசி முடிப்பேன்,
பன்னிரண்டு வருஷமாய் அதுதானே உத்தியோகம்.

இனம் இரண்டு: பெட்ரோல். பதினொன்று.
அடிவாரம் வரை நூற்று நாற்பது கிலோமீட்டர்,
அப்புறம் வளைவுகளைத்தான் எண்ண வேண்டும்.

சாப்பாடு மெஸ்ஸில் கட்டிக்கொள்வது.
வரிசை எண் போட மறந்துவிட்டேன், போகட்டும்.

இடும்பன் சாரம் கட்டுகிறவன்.
பெயரிலேயே இரண்டு மலையைக்
காவடியாய்த் தூக்கிவந்தவன்.
எட்டாவது மாடிப் பலகை விளிம்பில் உட்கார்ந்து
வெறுங்காலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றவன்
கேட்கிறான்:
"அண்ணே, அங்க காத்து கம்மியாமே,
காது அடைச்சு ரத்தம் வருமாமே?"
கொடைக்கானல் உயரம்தான்டா என்றேன்.
கொடைக்கானல் போனதில்லையாம்.
பழனியில் பிறந்து
அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"பார்க்கப் போறது என்ன?"
தெய்வசிகாமணி மேஸ்திரி கேட்டார்.
மூன்று நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

மலைச்சரிவில் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டின வீடுகள்.
ஒன்றின் தோளில் ஒன்று.
ஆட்கள் மேட்டில் புதுவீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
கூரை பாதிக்கு இல்லை.
பள்ளத்தில் மாதுளையும் அக்ரூட்டும்
இன்னும் காய்க்கின்றனவாம்.

"இடிஞ்ச வீட்டைப் பார்க்கக் காசு குடுக்கணுமா?"
அது இரண்டாவது வாக்கியம்.

பழக்கதோஷம்,
போனில் வந்த போட்டோவைப் பெரிதாக்கி அளந்துவிட்டேன்.
சுவர் கனம் அரை மீட்டருக்குக் குறையாது.
சிமெண்ட்: இல்லை.
கம்பி: இல்லை.
மரம்: பேரீச்சையாய் இருக்கலாம்.
கூலி என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

நாங்கள் கட்டின ஓட்டல்
கடல்மட்டத்திலிருந்து நான்கே மீட்டர்.
ஆறு மாதமாய்க் கிரேன் கொக்கி சும்மா ஆடுகிறது.
ஜன்னல் வைக்கவில்லை.
உப்புக்காற்றில் கம்பி துருவேறி
சுவரில் வெற்றிலை எச்சில்போல வழிகிறது.
ஐந்தாம் மாடி புறாக்களுக்கு.
மாதக் கடைசியில் எல்லாருக்கும் டிக்கெட்டாம்,
சம்பளம் பின்னாலேயே வருமாம்.
மேலே இருப்பவற்றில்
பிள்ளை பெற்றிருப்பார்கள், கோழி வளர்த்திருப்பார்கள்,
சண்டை போட்டுக் கதவை அறைந்திருப்பார்கள்.
எங்கள் நூற்றுப்பத்து அறைகளில்
ஒரு ராத்திரிகூட யாரும் படுக்கவில்லை,
வாட்ச்மேனைத் தவிர.

இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை, காலை நாலு மணி,
தண்ணீர் பெட்டியோடு வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன்.

எதிர்பாராதது: பத்து சதவீதம்.
எல்லா மதிப்பீட்டிலும் போடுவேன்.
ஓட்டலுக்கும் போட்டிருந்தேன். போதவில்லை.

ஆக மொத்தம் தலைக்கு
ஒன்பது ரியால் தொள்ளாயிரம் பைசா.
சபியுல்லா தன் பங்கில் டிரைவர் கூலியைக் கழிக்கச் சொல்கிறான்.
இடும்பன் காதுக்குப் பஞ்சு வாங்கிவிட்டான்,
நாலு பேருக்கும்.

மேஸ்திரி ராத்திரி என் கட்டிலுக்கு வந்தார்.
பத்து ரியால் நோட்டைத் தலையணை மேல் வைத்து
மீதி வேண்டாம் என்று கையாட்டினார்.
அதன்மேல் கனத்துக்கு வைத்தது
அவருடைய அளவு டேப்.
முதல் இரண்டு அங்குலம் தேய்ந்து எண் அழிந்தது.

"போட்டோவுல அளந்தா தப்பு வரும்," என்றார்.