அரைக்கால் சுற்று

பெட்டியிலிருந்து எடுத்த அன்று
அது யாருடையதாகவும் இல்லை.
பதினான்கு கருவிகள்,
பதினான்கும் பல்லைக் கடித்துக்கொண்டு
ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.
கத்தியை நெம்பியதில்
கட்டைவிரல் நகம் பாதி போயிற்று.
புட்டித் திறப்பான் மட்டும் உடனே வந்தது,
அதை நான் கேட்கவில்லை.

வேலை எனக்குக் கடலில்.
ஃபாரோ தீவின் குடாவில் மிதக்கும் சால்மன் கூண்டுகள்,
கிழிந்த வலை, கசியும் குழாய்,
குளிரில் விறைத்த பிளாஸ்டிக் கட்டுகள்.
பழைய கருவியைப் போன வருடம்
ஆறாம் கூண்டு விழுங்கிவிட்டது.
முப்பது மீட்டர் ஆழத்தில்
மீன்களிடம் இப்போது ஒரு ரம்பம் இருக்கிறது.

ஆகவே புதியதைப் பழக்கினேன்.
வானொலியில் கடல்நிலை அறிக்கை ஓடும்போது
திற, மூடு.
உருளைக்கிழங்கு வேகும்வரை
திற, மூடு.
"ரன்வா, ஒன்று அதை நிறுத்து,
இல்லையென்றால் வெளியே போ" என்றான் தோர்மோவுர்.
வெளியே போனேன்.
மழை. திற, மூடு.

அச்சில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.
மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்,
இல்லாவிட்டால் சட்டைப்பைத் தூசியெல்லாம்
அங்கேதான் குடியேறும்.
தெரிந்தும் மூன்று சொட்டு விட்டேன்.
கம்பளிச் சட்டையின் பிசிறு எண்ணெயில் ஊறி
இடுக்கில் ஒரு கறுப்பு மீசை முளைத்தது.
பல் தேய்க்கும் பிரஷ், வெந்நீர், சோப்பு.
பிறகு ஹீட்டர் மேல் எல்லாவற்றையும் விரித்து வைத்தேன்,
சிறகு காயவைக்கும் நீர்க்காகம் போல.

திருகைக் கால் சுற்று தளர்த்தினேன்:
கத்தி ஆடிற்று, குடித்தவன் போல.
அரைக்கால் இறுக்கினேன்:
மறுபடி முரண்டு.
வீசம் தளர்த்தினேன்.
வீசத்துக்கும் அரைவீசத்துக்கும் நடுவில் எங்கோ
அதன் சம்மதம் இருந்தது.
ஒரு வாரம் தேடிவிட்டு
நின்ற இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறினேன்.

உப்பு விடாது.
தினமும் மாலையில் என் முகத்துக்கு முன்
அதைத்தான் நல்ல தண்ணீரில் கழுவினேன்.
இருந்தும் மூன்றாம் வாரம் குறடின் கழுத்தில்
தேநீர்க் கறை நிறத்தில் ஒரு புள்ளி.
உரசி எடுத்தேன். தழும்பு நின்றது.
அன்றைக்குத்தான் அதை
என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன்.

அக்காவுக்குப் பிரசவம், கோபன்ஹேகனில்.
விமான நிலையத் தட்டில் சாவி, போன், பெல்ட்.
கோட்டுப் பையின் அடியில் அது.
மறந்தே போயிருந்தேன்.
சோதனை மேசையில் எய்டுன்,
என் சித்தி மகனோடு படித்தவன்.
இங்கே எல்லோரும் யாரோடாவது படித்தவர்கள்தான்.
"விதி விதிதான்" என்றான்.
ஆனால் தொட்டியில் போடவில்லை.
பழுப்பு உறையில் என் பெயர் எழுதி
இழுப்பறைக்குள் வைத்தான்.

பதினொரு நாள்.
குழந்தையை ஏந்தியிருந்த போதெல்லாம்
வலது கட்டைவிரல்
காற்றில் எதையோ திறந்து மூடியது.

திரும்பி வந்தேன். உறை இருந்தது,
ஒட்டிய வாய் மட்டும் பிரிந்து.
கத்தி
ஒற்றை விரலுக்கு
தயக்கமில்லாமல் எழுந்து வந்தது.
கத்தரியின் இடையில்
நீல ரிப்பனின் ஒரு சுருள்.
நிமிர்ந்தேன்.
எய்டுன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"பனிமூட்டம்" என்றான்.
"நாலு நாள் ஒரு விமானமும் இறங்கவில்லை.
காலிக் கூடத்தில் கையை வைத்துக்கொண்டு
என்ன செய்வது?"
கொஞ்சம் பொறுத்து:
"மகளுக்குப் பிறந்தநாளும் வந்தது."

ஒன்றும் சொல்லவில்லை.
காரில் விளக்கைப் போட்டுத் திருகைப் பார்த்தேன்.
நான் கீறிய கோடு
மயிரிழை இடப்பக்கம் நகர்ந்திருந்தது.
சரியான இடம்தான்.
அதுதான் எரிச்சல்.

வீட்டில் துடைத்தேன். ஒரு சொட்டு விட்டேன்,
இம்முறை நிஜமாகவே ஒன்று.
திருகைத் தொடவில்லை.
நீலச் சுருளை மட்டும் எறிய மனமில்லாமல்
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
காலையில் தோர்மோவுர் அதைத் தூக்கிப் பிடித்து
என்ன இது என்றான்.
"வாடகை" என்றேன்.