டக்

முதலில் எடை பார்த்தோம்.
வாலிநோக்கம் உப்புக் கிட்டங்கியில்
மூட்டை நிறுக்கிற அதே தராசு.
பழைய வரைபடத்தை நம்பி நான் இழுத்திருந்த
கம்பி, ரிலே, பிரேக்கர், திருகு, வாஷர்
எல்லாம் ஒரே சாக்கில்:
ஆறு கிலோ நானூறு.
"ஒரு கைக்குழந்தையை ஏத்திட்டுப் போகலாம்"
என்றார் செய்யது நைனா.
அவர் கட்டும் விமானத்தில் இருக்கை இரண்டு.
அனுமதிக் காகிதம் இன்னும் டெல்லியில் இருக்கிறது.

நான் விசைப்படகுக்கு வயர் போடுகிறவள்.
மூக்கையூரில் எந்த ஜிபிஎஸ் எந்த நேரத்தில் செத்தாலும்
ஃபிலோமினைக் கூப்பிடு என்பார்கள்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
செம்பு பச்சையாய்ப் பூக்கும்.
ரிலேயைத் திறந்தால்
இரண்டு முனைகள் கருகிப்போய்
பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்,
பேச்சு முறிந்த பங்காளிகள்.
ஆகாயத்திலும் இதே உப்புதான் என்றேன்.
முப்பது வருசம் கப்பலில் மின்சாரம் பார்த்தவர்
மறுக்கவில்லை.

அதனால் அசைகிற எதையும் வைக்கவில்லை.
கட்டைவிரல் நகமளவு கருப்புச் சில்லுகள் பத்து,
ஒரு பலகை, மேலே ஊற்றி இறுகவிட்ட பிசின்.
பம்புக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று,
இறக்கை நுனி விளக்குக்கு ஒன்று.
பேட்டரியிலிருந்து பலகைக்கு
தடித்த கம்பி ஒன்றே ஒன்று.
விமானி முன்னால் உள்ள சுவிட்சுக்கு
தூண்டில் நரம்பு கனத்தில் கம்பி போதும்;
அதன் வழியே சுமை போகாது,
சொல் மட்டும் போகும்.
ஓட்டம் மிஞ்சினால் சில்லு தானே அறுத்துக்கொள்ளும்.

மறுபடி தராசு.
இரண்டு கிலோ நூறு.

அன்று ராத்திரி பம்பைப் போட்டேன்.
ஓடியது.
ஆனால் என் விரல் இன்னும் எதற்கோ காத்திருந்தது.
இத்தனை வருசம்
எஞ்சின் இரைச்சலிலும் அலையிலும்
அந்த ஒரு 'டக்'தான்
வேலை நடந்தது என்று எனக்குச் சொன்னது.
இது ஊமை.
ஒவ்வொரு விளக்கையும் போட்டுவிட்டு
இறக்கையைச் சுற்றி நடந்து போய்ப் பார்த்தேன்,
தெரு முனையில் பிள்ளை வருகிறதா என்று பார்ப்பதுபோல.

அணைத்த பிறகும்
இடது நுனியில் ஒரு மினுக்கம்.
மீட்டர் வைத்தேன். கசிவு.
மைக்ரோ ஆம்பியர் கணக்கில், ஒன்றுமில்லாத அளவு.
ஆனால் எல்.இ.டி.க்கு அதுவே போதும்.
அணைந்தேன் என்று சில்லு சொல்வது
முழுப் பொய்யில்லை.
ஒரு ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றை
விளக்கின் குறுக்கே வைத்ததும்
இருட்டு ஒழுங்காய் இருட்டானது.

நைனா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"இது செத்தா எப்படிச் சாகும்?"

உப்பளத்தில் மடையைத் திறந்தால் கடல் வரும்.
எங்கள் தொழிலில் திறந்தால் எதுவும் வராது,
மூடினால்தான் ஓடும்.
படகில் நான் பார்த்த ரிலேக்கள்
பெரும்பாலும் திறந்தே செத்தன.
இது பெரும்பாலும் மூடியபடி சாகும்.
ஓடிக்கொண்டிருப்பதை
நிறுத்தவே தெரியாத சாவு.

பம்பு நிற்காமல் ஓடினால் பரவாயில்லை.
வால் சிறகைச் சாய்க்கும் மோட்டார்
நிற்காமல் ஓடினால்?
இருவரும் டீயைக் குடிக்க மறந்தோம்.

சாக்கை மறுபடி கொட்டினேன்.
வால் மோட்டாருக்குக் கையால் இழுக்கிற பிரேக்கர் ஒன்று.
பேட்டரி வாயில் படகிலிருந்து கழற்றிய
சிவப்புச் சாவி ஒன்று,
பித்தளைத் தொடுப்பு,
கச்சானுக்கு ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.
பரவாயில்லை, தேய்க்கிறேன்.

திருப்பினேன்.
டக்.
தகரக் கூரையில் ஒரு பல்லி அதே சத்தத்தில் பதில் சொன்னது.
எந்தத் திசை என்று நைனா அண்ணாந்து பார்த்தார்.
நான் தராசைத் துடைத்தேன்.

இரண்டு கிலோ நானூற்றைம்பது.
எழுதிக்கொள்ளுங்கள்.