பெயர்களைக் கொண்டு வா

தலையணை உறைக்குள் ஆண் பாம்பு.
உறையை மேல்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு
தண்டர் பே பனியில் ஆறு தெரு நடந்தேன்.
குளிர் ஏறினால் செத்துவிடும் என்பதால்
என் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபடி
வந்தது அது.

இர்யா லெஹ்டோனெனிடம் இரண்டு தராசு.
ஒன்று ரொட்டி மாவுக்கு.
மற்றதில் துண்டை விரித்து, எண்ணைப் பூஜ்யமாக்கி,
புவோலுக்காவை இறக்கினாள்.
படை நடுங்கவேண்டிய சாதி.
இவளோ கதவு சாத்தும் ஓசைக்கே
தலையை நடுவில் ஒளித்துப்
பந்தாகிவிடுவாள்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
"போதாது, மைரோன்."

கிட்டத்தட்ட வந்துவிட்டதே என்றேன்.
வயது மூன்றாகிவிட்டதே என்றேன்.
கொதிகலன்காரனுக்கு நான் தரவேண்டியதைச் சொல்லவில்லை.
அவள் என் விரலைப் பிடித்துப்
பாம்பின் முதுகில் வைத்து இழுத்தாள்.
கூரை முகடு மாதிரி எலும்பு தட்டியது.
"முட்டைக்கு இவள் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்?
இதிலிருந்தா?"

பிறகு குளிர்பெட்டிக் கதவிலிருந்து
மின்கட்டண உறை ஒன்றை உருவிப்
பின்பக்கம் கோடு போட்டாள்.
"ஆறு முட்டை என்று வை.
ஆறு பெயர் சொல்."

அக்கா மகன்.
(அக்கா விடமாட்டாள்.)
காகித ஆலை டுவேன்.
(அவன் போன மாதமே வின்னிபெக் போய்விட்டான்.)
பிறகு நான்.
பிறகு நெடுநேரம்
சன்னலுக்கு வெளியே உறைந்துகொண்டிருந்த ஏரி.

என் ஆணைத் தரையில் விட்டாள்.
சிலந்தி வலை வரி, தேன் நிறம்;
அதற்காகவே அதிகம் கொடுத்து வாங்கியது.
நேராகப் போகப் பார்த்தது.
தலை மட்டும் ஒருபக்கம் திருகி,
மேலே எது கீழே எது என்று தெரியாமல்
தன் கழுத்தின் மீதே வந்து விழுந்தது.
"பாதிக் குஞ்சுக்கு இது போகும்.
அதற்கும் சேர்த்தா விலை சொல்வாய்?"

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
இரண்டு வருடம் முன்பு எனக்கும் ஒருத்தி இருந்தாள்.
ஆயிரத்து இருநூறு.
போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மூன்று முட்டை வந்தது.
நான்காவது வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை; மருத்துவரின் தொலைபேசி
அடித்துக்கொண்டே இருந்தது.
திங்கள் காலை அவள் வயிற்றில் அந்தப் புடைப்பு
அப்படியே இருந்தது,
அவள் இல்லை.
மண் கல்லாகிக் கிடந்த மாதம்.
பனி இளகி மண்வெட்டி இறங்கும்வரை
உறைபெட்டியில், மான் கறிக்குப் பக்கத்தில்
வைத்திருந்தேன்.
பெயர் எழுதாத பொட்டலம்.

இர்யா கேட்கவில்லை.
தெரிந்திருக்கலாம்; சின்ன ஊர்தானே.
கொதிக்காத வெந்நீரில் எலியை இளக்கி
இடுக்கியில் நீட்டினாள்.
புவோலுக்கா முகர்ந்து,
வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
குளிர்காலம் முழுக்க இனி இப்படித்தான்.
"பார், இவளே பொறுத்திருக்கிறாள்,"
என்றாள் இர்யா.
எலியை என்ன செய்தாள் என்று நினைவில்லை.
காப்பி கொடுத்தாள். குடித்தேன்.

அதே ஆறு தெரு.
கோட்டுக்குள் அந்தத் தலை
இதயத்தின் மேல் கோணலாக அசைந்துகொண்டே இருந்தது.

அடுத்த நவம்பரில் தொலைபேசினாள்.
ஆயிரத்து எழுநூற்று இருபது. முகடு மறைந்துவிட்டது.
மருத்துவரும் பார்த்துவிட்டார்.
நான் கோட்டை எடுக்க எழுந்தேன்.
"உன் ஆண் வேண்டாம். தலை நிற்கிற ஒருவனைப்
பார்த்து வைத்திருக்கிறேன்.
நீ பெயர்களைக் கொண்டு வா."

மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.
நான்கு பேர், முகவரியோடு.
ஐந்தாவதாக என் பெயரை எழுதி
அடித்தேன்.