வினைச்சொல் இல்லாத வரி

ஜோகன்னஸ்பர்க்கில் போர் அருங்காட்சியகத்துக்கும்
மிருகக்காட்சி சாலைக்கும் நடுவே ஒரே வேலி.
நீங்கள் பேசும்போது சிங்கம் இருமும்,
பொருட்படுத்தாதீர்கள் என்றார் காப்பாளர்.

போன மாதம் இங்கே பேசியவர் ஒரு கர்னல்.
டாங்கிகளைப் பற்றி மூன்று தொகுதி, கெட்டி அட்டை.
என்னுடையது
லெனேசியாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில்
இருநூறு பிரதி.
பழக்கதோஷத்தில் அட்டை ஓரத்தில்
ஒரு குத்துவிளக்கை வைத்துவிட்டார்கள்.

வந்தவர்கள் பதினேழு பேர்.
தலைக்கு மேல் கம்பியில் தொங்குகிற விமானத்துக்கு அடியில்
உட்கார யாருக்கும் மனமில்லை.
நாற்காலிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

குழந்தைவேலுவின் கதையைப் படித்தேன்.
டர்பனிலிருந்து போன லாரி டிரைவர்.
தோலின் நிறம் பார்த்துத்தான் துப்பாக்கி கொடுத்தார்கள்,
அவனுக்குக் கொடுக்கவில்லை.
ஸ்பானர், ஸ்டியரிங், ஒன்றரை அங்குலப் பென்சில்.
டைரி முழுக்கத் தமிழ்.
மைல், பெட்ரோல், தண்ணீர்.
"தண்ணி அரை டின். ரேடியேட்டருக்குப் பாதி, எனக்குப் பாதி."
பயம் என்று எங்கும் எழுதவில்லை.

பதக்கம் குத்திய ஒருவர் கேட்டார்:
லாரி ஃபோர்டா, செவர்லேயா?
ஃபோர்டு என்றேன். திருப்தியாக உட்கார்ந்தார்.

பிறகு கடைசி வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள்,
லோகாம்பாள் மூட்லி, பினோனியிலிருந்து.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், என்றாள்.
கஸாலாவிலிருந்து பின்வாங்குகிற நாள்.
'அப்பாவு தன் பூட்ஸைக் கொடுத்தான்' என்று இருக்கிறதே,
டைரியில் இருக்கிற மாதிரியே
அதைத் தமிழில் படிக்க முடியுமா?

நகல் கையில் இருந்தது. படித்தேன்:
"அப்பாவு பூட்ஸ். எட்டாம் நம்பர். சரியா இருக்கு."

இன்னொரு தரம் என்றாள்.
இன்னொரு தரம் படித்தேன்.

எனக்குத் தமிழ் வராது, என்றாள்.
சாமி பேர், குழம்பு பேர், கொஞ்சம் திட்டு.
ஆனால் 'குடு' தெரியும்.
அம்மா என்னிடம் அதிகம் சொன்ன சொல் அது.
தட்டைக் குடு, சீப்பைக் குடு, பாப்பாவை இங்கே குடு.
நீங்கள் படித்ததில் அது கேட்கவில்லையே.

இல்லை.
கொடுத்தானும் இல்லை, எடுத்தேனும் இல்லை,
கழற்றினேனும் இல்லை.
நான்தான் போட்டேன் அந்தச் சொல்லை.
அது இல்லாமல் ஆங்கிலத்தில் வாக்கியம் நிற்கவில்லை.
நின்றதும், அதன்மேல்
நட்பு என்று ஒரு அத்தியாயமே கட்டினேன்.

அப்பாவு என் தாய்மாமன், என்றாள்.
'காணவில்லை' என்று கடிதம் வந்தது.
கைப்பையைத் திறக்கப் போனாள்,
திறக்கவில்லை.
பாலைவனத்தில் யார் பூட்ஸைக் கழற்றித் தருவார்கள்?
கோபமாகக் கேட்கவில்லை அவள்.
ஃபோர்டா செவர்லேயா மாதிரிதான் கேட்டாள்.

சரியாக ஏழு மணி. மின்வெட்டு.
மைக் செத்தது, விமானம் இருளில் மறைந்தது.
எமர்ஜென்சி விளக்கு எரியும்வரை
யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் மட்டும்.
சிங்கம் இருமவில்லை. அன்றைக்குப் பார்த்து.

அந்த இருட்டில் எனக்கு ஏழாம் அத்தியாயம் ஞாபகம் வந்தது.
திரும்பி வந்த குழந்தைவேலு
ஸ்டேங்கரில் கரும்பு லாரி ஓட்டினான்,
முப்பது வருஷம், வெறுங்காலோடு.
கிளட்ச் சூட்டில் பாதம் கறுத்துப்போனதாக
அவன் மகனே சொன்னான்.
எளிமையான மனிதர் என்று எழுதியிருந்தேன்.

விற்றது நான்கு பிரதி.
லோகாம்பாள் வாங்கவில்லை,
டைரி நகலில் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டாள்.
கொடுத்தேன்.

வாசலில் ஜகரண்டா கொட்டிக்கிடந்தது.
காரில் உட்கார்ந்து, மிச்சப் பிரதிகளை மடியில் வைத்து,
போன் வெளிச்சத்தில்
ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லை அடித்தேன்.
மேலே எதை எழுதுவது என்று தெரியவில்லை.
முப்பத்தோராவது பிரதியில் பேனா தீர்ந்தது.