உறைவின் வயது

கம்பேச்சேயில் மே மாதம்.
ஆய்வகத்து ஏசி நேற்றே செத்துவிட்டது.
மெழுகுக் கட்டிகளைப் பனிக்கட்டித் தட்டில் கவிழ்த்து வைத்து
மூன்று மைக்ரான் கனத்தில் சீவுகிறேன்.
நாடா போல நீண்டு வருகிறது சீவல்.
பெருமூச்சு விடக் கூடாது, பறந்துவிடும்.

சீட்டில் இருப்பது:
எலெயுதேரியோ போட். ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டுநர்.
தொடைச் சிரையிலிருந்து ஒரு துண்டு,
நுரையீரல் தமனியிலிருந்து ஒரு துண்டு.
திடீர் மரணம்.
'திடீர்' என்பதைக் கம்பெனி டாக்டர்
இரண்டு இடத்தில் எழுதி
ஓரிடத்தில் அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

செத்தபின் உறையும் ரத்தத்துக்கு
எங்கள் தொழிலில் கோழிக்கொழுப்பு என்று பேர்.
மஞ்சளாய், வழவழப்பாய்,
தொட்டதும் குழாயைவிட்டு நழுவி வரும்.
தொடையில் இருந்தது அப்படி வரவில்லை.
டாக்டர் காரியோ இடுக்கியால் இழுத்தபோது
சுவரைப் பற்றிக்கொண்டிருந்ததாம்,
வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன் மாதிரி.

அணுக்கருவுக்கு முதலில் ஹீமடாக்சிலின்.
குப்பி ஜெர்மனியிலிருந்து வருகிறது.
சாயம் மட்டும் இந்தச் சதுப்பில் நிற்கும் மரத்தின் வயிற்றுக்கட்டை.
லத்தீன் பெயரில் எங்கள் ஊரைச் சுமக்கிறது அந்த மரம்.
விலைச்சீட்டில் ஊர் இல்லை,
விலை இருக்கிறது.

அப்புறம் மார்ஷியஸ் மஞ்சள், இரண்டு நிமிடம்.
பொடி மூலக்கூறு; எந்தச் சந்திலும் புகுந்து
சிவப்பணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அப்புறம் சிவப்பு, பத்து நிமிடம்.
கொஞ்சம் பெருத்தது, ஃபைப்ரின் இழைகளில் இடம் பிடிக்கும்.
கடைசியாக நீலம்.
பந்திக்குத் தாமதமாய் வந்த பெரிய உடம்புக்காரர்.
நாளாகி, இழை தளர்ந்து, கதவு அகலமான இடத்தில்தான்
அவருக்கு இலை போட முடியும்.

கண்ணாடித் தகட்டை லென்ஸின் கீழே வைத்தேன்.
ஓரத்தில் மஞ்சள்: நேற்றையது.
நடுவில் சிவப்பு.
சுவரை ஒட்டி, நகக்கண் அளவுக்கு, நல்ல நீலம்.
வெளிறிய வரியும் செவ்வரியும் மாறி மாறி.
ஓடுகிற ரத்தத்தில்தான் இப்படி வரி விழும்.
ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார்,
திகுவானாவுக்குப் போகப் பதினோரு நாள், வரப் பதினோரு நாள்,
உட்கார்ந்த காலுக்குள்
அது உறைந்து, உறைந்தபடியே குடியிருந்தது.

"ஏறக்குறைய மூன்று வாரம்" என்றார் டாக்டர்.
"ஒழுங்கமையும் உறைவு என்று எழுது, நிதெல்வியா."
ஒழுங்காம்.
எழுதினேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் தோன்யா ஹெர்மெலிந்தா.
அறிக்கையை வாசிக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள்.
மூன்று வாரமா என்று கேட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"அன்று எங்கள் மகளுக்குப் பதினைந்து முடிந்தது.
லாரியைக் காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு
நேரே வந்து ஆடினார். வால்ட்ஸ்.
பாதி ஆட்டத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார்.
வெறும் பிடிப்பு என்றார்.
அவர் வீட்டில் இருந்த நாளெல்லாம் ராத்திரி உட்கார்ந்து
ஆல்கஹால் ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்
தேய்த்துவிட்டேன்.
அவருக்கு அதில் தூக்கம் வந்தது.
நல்லதுதானே செய்தேன்?"

வீங்கிய காலைத் தேய்க்கக் கூடாது.
படிப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது.
நான் சொன்னது:
"இந்த நீலம் கோர்ட்டில் உதவும், சென்யோரா.
திடீர் இல்லை என்று இது சொல்லும்.
கம்பெனி பணம் தந்தே ஆக வேண்டும்."

அவள் கேட்டது அது இல்லை.

கொஞ்ச நேரம் மின்விசிறி சுற்றியது.
அவள் என் விரல்களைப் பார்த்தாள்.
நகம்வரை மஞ்சள், நகத்துக்குக் கீழே நீலம்.
"சோப்புக்குப் போகாதா?"
"போகாது."
"எலுமிச்சையும் உப்பும் வைத்து
அழுத்தித் தேய்த்தால்" என்று ஆரம்பித்தவள்
நிறுத்தி,
தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.