கட்டாயம்

இரண்டாம் ஞாயிறுதோறும் கொசப்பேட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே கூடுகிறோம்.
மே மாதம். மின்விசிறி சுற்றுவது எங்களுக்காக அல்ல,
காகிதங்களைப் பறக்கவிட.
பிஸ்கட் டப்பாவில் விழுந்த கேள்விச் சீட்டுகளைக்
கூட்டத்துக்கு முன் பிரிப்பது
எத்திராஜும் நானும்.
நிரல் பற்றியது உள்ளே,
மற்றதெல்லாம் வெளியே.

"நாற்பதாயிரத்துக்குள் எந்த லேப்டாப் நல்லது?"
வெளியே.
"லூப் நிற்கவே மாட்டேங்குது."
உள்ளே. பாயசம் கண்ட களை எத்திராஜ் முகத்தில்.
"சென்னைக்குப் போனால்தான் சம்பளமா?"
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
கண்டோன்மெண்ட் பக்கம் ரயில் கூவியது.
வெளியே.
"ராணிப்பேட்டை ஷூ பெட்டி லேபிளில்
'கொ' அடித்தால் கொம்பு ஒரு பக்கம்
கால் ஒரு பக்கம் ஓடுகிறது."
பிரிண்டர் சமாச்சாரம், என்றான்.
எழுத்துரு சமாச்சாரம், என்றேன்.
டீயில் ஆடை படியும்வரை சண்டை.
உள்ளே.

அடியில் ஒன்று, மருந்துச் சீட்டின் முதுகில்,
நீல மை, அவசரக் கையெழுத்து:
"ஸ்கேன் சென்டரில் பெயர் பதிகிறேன்.
பீஞ்சமந்தையிலிருந்து இறங்கி வந்த அம்மாவுக்குப்
பிறந்த தேதி தெரியாது.
சாமை பொய்த்த வருஷம் என்கிறார்.
தேதி இல்லாமல் திரை நகர மாட்டேன் என்கிறது.
இப்படி வருகிற எல்லாருக்கும் ஜனவரி ஒன்று போடுகிறேன்.
வேறு என்ன போடலாம்?
பிரிசில்லா."

"இது இன்னாபா கேள்வி," என்றான் எத்திராஜ்,
"ஆஸ்பத்திரில கேக்க வேண்டியது. வெளிய போடு."
என் கை நீண்டது. போடவில்லை.
அந்தத் திரை எனக்குத் தெரியும்.
மூன்று வருஷம் முன்பு ஒரு வெள்ளி ராத்திரி
சத்துவாச்சாரி வாடகை அறையில்
அந்தக் கட்டத்தின் தலையில்
சிவப்பு நட்சத்திரம் வைத்து
'கட்டாயம்' என்று எழுதிவிட்டுப்
புரோட்டா சாப்பிடப் போனவன் நான்.

சீட்டைச் சட்டைப்பையில் செருகினேன்.
வியர்வையில் மை கொஞ்சம் கரைந்தது.
அன்றிரவே அந்தச் சொல்லை அழித்தேன்.
நான்கு நொடி வேலை.
பிறகு, சும்மா இருக்க மாட்டாமல்,
ஜனவரி ஒன்றில் பிறந்தவர்களை எண்ணிப்பார்த்தேன்:
ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவர்களில் நிஜமாகவே அன்று பிறந்தவர் யார் என்று
விடியும்வரை எழுதிய எந்த வரியாலும்
பிரிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் டப்பாவில் அதே நீல மை:
"இப்போது காலியாக விட முடிகிறது, நன்றி.
வயது வாரியாக வரிசைப்படுத்தினால்
காலியாக இருப்பவர்கள் மேலே வரணுமா, கீழேயா?"

எத்திராஜ் துள்ளினான். "இது கேள்வி!"
இன்னொரு முறை படிக்காமல்
உள்ளே போட்டுவிட்டான்.
டப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான்
சாமை பொய்த்த வருஷத்தை
எந்த முனையில் நிற்கவைப்பது என்று
நின்றுகொண்டிருக்கிறேன்.